செகண்ட் ஹேண்ட் மெஷின்

(மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று மாணவர் மன்றத்தில் கேட்டபோது எங்கள் வகுப்பில் பாதிப்பேர் கவிதை கொடுத்துவிட்டார்கள். மீதிப்பேர் நட்பைப் பற்றியும் அப்துல் கலாமைப் பற்றியும் எழுதிவிட்டார்கள். எனக்கு இரண்டும் வராது. எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒரே ஒரு மெஷின். கடந்த ஒன்றரை வருடமாக எங்கள் வீட்டுத் திண்ணையில் நின்றுகொண்டு எங்களுக்குச் சோறு போடும் ஸ்டிக்கர் வெட்டும் மெஷின். அதைப் பற்றியே எழுதுகிறேன். அதன் நோய்களையும் அதற்குப் பார்த்த வைத்தியத்தையும் சொன்னால், நாளைக்கு உங்களில் யாராவது ஒருவர் பழைய மெஷின் ஒன்றின் முன்னால் ஸ்குரூ டிரைவரோடு உட்காரும்போது உதவலாம்.

பிரஷ்ஷும் பிளேடும்

என் அப்பா லாரி பெயிண்டர். நாமக்கல் பக்கம் பாடி கட்டும் பட்டறைகளில் இருபத்தாறு வருடம் எழுத்து எழுதியவர். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பார். ஆங்கிலம் படிக்க வராது. ஆனால் லாரியின் பின்பக்கம் 'ஸ்டாப்' என்று ஆங்கிலத்தில் ஒரு கோடு கூடக் கோணாமல் எழுதுவார். அது அவருக்கு எழுத்தல்ல, படம். பார்த்து வரைவார். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான் முதல் ஆள்.

2000-க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. கடை போர்டு எழுதும் வேலை போனது. அதைத் தொடர்ந்து வினைல் ஸ்டிக்கர் லாரிக் கதவுக்கும் வந்தது. பெயிண்டர் ஒரு நாள் முழுக்க எழுதுவதை மெஷின் கால் மணி நேரத்தில் வெட்டிவிடும். அப்பாவுக்கு வாரம் ஆறு நாள் இருந்த வேலை மூன்று நாளானது, பிறகு ஒரு நாளானது. நான் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது மாமா வீட்டுக்கு வந்தார். மாமா திருச்செங்கோடு ரிக் வண்டியில் ஆந்திரா, ஒடிசா என்று போர் போடப் போய் வருபவர்.

"மச்சான், பையன ரிக்குக்கு அனுப்பி வுடுங்க. ரெண்டு வருசத்துல கடன் பூராத் தீந்து போயிரும். டிப்ளமோவ முடிச்சு என்ன பண்ணப் போறான்?"

அப்பா பதில் சொல்லவில்லை. அம்மாதான் சொன்னார்: "அவன் படிக்கட்டும். எந்தத் தொழில் நம்மள உக்கார வெச்சுதோ, அதையே நாம பண்ணிப் போடுவோம்."

மறு வாரம் அம்மாவின் தோடும் சங்கிலியும் கூட்டுறவு வங்கிக்குப் போயின. வேறு ஊரில் கடையை மூடிக்கொண்டிருந்த ஒருவரிடமிருந்து 24 அங்குல மெஷின் ஒன்று 22,000 ரூபாய்க்கு எங்கள் வீட்டுக்கு வந்தது. "ரன்னிங் கண்டிஷனுங்க, இப்பவே ஓட்டிக் காட்டறேன்" என்று அவர் சின்னதாக நாலு எழுத்து வெட்டிக் காட்டினார். இரண்டு நிமிட வேலை. நன்றாகத்தான் வெட்டியது. இரண்டு நிமிடத்தில் தெரியாத நோய்கள் அதற்குள் எத்தனை இருந்தன என்பது பிறகுதான் தெரிந்தது. வண்டியில் ஏற்றி வீடு வந்த பிறகு அவர் போனை எடுக்கவில்லை.

உள்ளே என்ன இருக்கிறது?

மெஷின் பெரிய விஷயமில்லை. நம் லேபில் உள்ள பொருட்கள்தான் உள்ளேயும் இருக்கின்றன. ஒரு ஸ்டெப்பர் மோட்டார் வினைல் ரோலை முன்னும் பின்னும் நகர்த்துகிறது. இன்னொரு ஸ்டெப்பர் மோட்டார் பெல்ட் மூலமாகக் கத்தித் தலையை இடமும் வலமும் இழுக்கிறது. தலையில் உள்ள காந்தச் சுருள் கத்தியை இறக்கும், ஏற்றும். அவ்வளவுதான். மோட்டார் ஒரு அடிக்கு 1.8 டிகிரி, ஒரு சுற்றுக்கு 200 அடி என்று மைக்ரோகண்ட்ரோலர் லேபில் எழுதினோமே, அதே கணக்குதான்.

கம்ப்யூட்டர் மெஷினோடு பேசும் மொழி எச்.பி.ஜி.எல். ஹியூலெட் பக்கார்டு கம்பெனி 1970-களில் தன் வரைபட மெஷின்களுக்காக உண்டாக்கியது. 'பேனாவைத் தூக்கு, இந்த இடத்துக்குப் போ, பேனாவை இறக்கு' என்பதைப் போன்ற சின்னச் சின்னக் கட்டளைகள். அதில் ஒரு அலகு என்பது 0.025 மில்லிமீட்டர். பேனா இருந்த இடத்தில் கத்தி வந்துவிட்டது, மொழி மாறவில்லை.

கத்தியும் நாம் நினைப்பது போல மோட்டார் வைத்துத் திரும்புவதில்லை. பிளேடின் முனை நட்ட நடுவில் இல்லாமல் கால் மில்லிமீட்டர் தள்ளி இருக்கும். தள்ளுவண்டியின் சக்கரம் நாம் தள்ளும் பக்கம் தானாகத் திரும்புகிறதே, அதுபோல இழுக்கும் திசைக்கு முனை தானாகத் திரும்பிக்கொள்ளும். இந்தக் கால் மில்லிமீட்டருக்கு 'ஆஃப்செட்' என்று பெயர். இதை மறந்தவனுக்கு வட்டம் வராது.

எழுத்து வெட்டும் மெஷினை 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சந்தைக்குக் கொண்டுவந்து பெயர் வாங்கியது கெர்பர் கம்பெனி. அதன் நிறுவனர் ஜோசப் கெர்பர் 1924-ல் வியன்னாவில் பிறந்தவர். நாஜிகளிடமிருந்து தப்பித் தாயாரோடு அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர். அவர் படித்ததும் ஒரு பாலிடெக்னிக் பெயர் கொண்ட கல்லூரிதான்: ரென்ஸலர் பாலிடெக்னிக் இன்ஸ்டிடியூட். மாணவராக இருந்தபோது வரைபடக் கணக்கு ஒன்று சீக்கிரம் முடியவேண்டும் என்று பைஜாமாவின் எலாஸ்டிக்கை உருவி, அதில் கோடு போட்டு, இழுத்தால் நீளும் ஸ்கேல் ஒன்று செய்துகொண்டார். அதுவே அவருடைய முதல் தொழிலானது. பி.சி.பி. டிசைன் படித்தவர்களுக்கு 'கெர்பர் ஃபைல்' தெரியும். அந்தப் பெயரும் அவர் கம்பெனியுடையதுதான். என் அப்பாவின் பிரஷ்ஷைக் கீழே வைக்கச் செய்த மெஷினுக்கு வழி போட்ட ஆள் என்று அவர் மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். எலாஸ்டிக் கதையைப் படித்த பிறகு கோபம் வரவில்லை. கையில் இருப்பதை வைத்துக் காரியத்தை முடிக்கிற ஆள் எங்கள் அப்பா ஜாதிதான்.

ஒவ்வொரு நோயாக

திருவள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் வைத்தியனுக்குச் சொல்லும் வரிசை மெக்கானிக்குக்கும் பொருந்தும்: முதலில் நோய் எது, பிறகு நோய்க்குக் காரணம் எது, பிறகு தீர்க்கும் வழி எது, அதற்கப்புறம்தான் கை வைப்பது. எங்கள் துறை சார் இதையே வேறு மாதிரி சொல்வார்: "மார்க் பண்ணிப் பாத்தியா? அளந்து பாத்தியா? ரெண்டும் பண்ணாம பார்ட்ஸ மாத்தாதே." இந்த இரண்டையும் வைத்துத்தான் ஆறு நோய்களையும் கண்டுபிடித்தோம்.

முதல் நோய்: பேச்சில்லை. வீட்டுக்கு வந்த அன்று கம்ப்யூட்டரில் இருந்து அனுப்பினால் மெஷின் அசையவில்லை. மெஷினில் 'டெஸ்ட்' பட்டன் இருக்கிறது. கேபிளைக் கழற்றிவிட்டு அதை அழுத்தினேன். அழகாக ஒரு சின்ன உருவத்தை வெட்டியது. இந்த ஒரு சோதனையில் பாதி உலகம் கழிந்துவிட்டது. மோட்டார், தலை, பவர் எல்லாம் சரி. கோளாறு மெஷினுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில். உள்ளே யு.எஸ்.பி.யை சீரியல் ஆக்கும் சிப் ஒன்று இருந்தது. எங்கள் கம்ப்யூட்டர் அதற்கு 7-ஆம் நம்பர் போர்ட் கொடுத்திருந்தது. வெட்டும் சாஃப்ட்வேரின் பட்டியலிலோ 4 வரைதான் இருந்தது. டிவைஸ் மேனேஜரில் போர்ட் நம்பரை 3 ஆக்கி, வேகத்தை இரண்டு பக்கமும் 9600 என்று ஒன்றாக வைத்தவுடன் பேச ஆரம்பித்தது. செலவு ஒன்றுமில்லை.

இரண்டாம் நோய்: பாதியில் நிற்பது. வெட்டிக்கொண்டே இருக்கும். திடீரென்று நின்றுவிடும். கம்ப்யூட்டரில் யு.எஸ்.பி. கழன்ற சத்தம் கேட்கும். அப்பா மெஷின் மேல் கை வைத்தால், "சுள்ளுனு இழுக்குதுடா" என்பார். மல்டிமீட்டரை எடுத்து மெஷினின் உடம்புக்கும் பூமிக்கும் நடுவில் அளந்தேன். 110 வோல்ட்! எஸ்.எம்.பி.எஸ். பவர் சப்ளையின் உள்ளே வடிகட்டும் கெப்பாசிட்டர்கள் இரண்டு, ஃபேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலில் இருந்து ஒன்றுமாக, உடம்போடு சேர்ந்திருக்கும். எர்த் சரியாக இருந்தால் அந்தக் கசிவு பூமிக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் 230-ல் பாதி உடம்பிலேயே நிற்கும். எங்கள் வீட்டு பிளக்கில் மூன்றாவது ஓட்டை இருந்தது, அதன் பின்னால் ஒயர் இல்லை. அதோடு வினைலை ரோலில் இருந்து உரிக்கும்போது உண்டாகும் நிலைமின்சாரமும் போக வழியில்லாமல் யு.எஸ்.பி.யைத்தான் தாக்கியது. தெருவில் ஒயரிங் செய்யும் அண்ணனைக் கூப்பிட்டுக் குழி தோண்டி, ஜி.ஐ. பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு எர்த் எடுத்தோம். நீளக் கேபிளைக் கழித்துவிட்டுச் சின்னக் கேபிள் போட்டோம். அன்றோடு நிற்பதும் போனது, சுள்ளென்று இழுப்பதும் போனது. நண்பர்களே, உங்கள் வீட்டு பிளக்கின் மூன்றாவது ஓட்டையையும் ஒருமுறை பார்த்து வையுங்கள்.

மூன்றாம் நோய்: வட்டம் மூடவில்லை. வட்டம் தொடங்கிய இடமும் முடிந்த இடமும் சேராமல் ஒரு முடி அளவு வாய் திறந்திருந்தது. மூலைகள் மழுங்கின. இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம்: பெல்ட் தளர்ந்திருக்கலாம், அல்லது பிளேடில் கோளாறு இருக்கலாம். எது என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி: பிளேடு ஹோல்டரைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஒரு பால்பாயிண்ட் ரீஃபிலை மாட்டி, ஆஃப்செட்டைப் பூஜ்யமாக்கி, பேப்பரில் வட்டம் போடச் சொல்ல வேண்டும். பேனாவுக்குத் திரும்பும் வேலை இல்லை. பேனா வட்டமும் மூடாவிட்டால் பெல்ட். பேனா வட்டம் மூடினால் பிளேடு. எங்களுடையது மூடியது.

ஹோல்டரைத் திறந்தால் உள்ளே பழைய பசையும் வினைல் துணுக்கும். பிளேடு சுழலும் பேரிங் கடுகளவுதான், அது இறுகிக் கிடந்தது. அப்பாவின் பெயிண்ட் டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த டர்பன்டைனில் ஊறவைத்து, துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டேன். பிளேடை லென்ஸில் பார்த்தால் முனை ஒடிந்திருந்தது. புதிதாக 45 டிகிரி பிளேடு வாங்கினோம். சாதாரண வினைலுக்கு அதுதான். தடிமனான ரிஃப்ளெக்டிவ் ஷீட்டுக்கு 60 டிகிரி. ஆஃப்செட் 0.25 வைத்தவுடன் வட்டம் வட்டமானது.

நான்காம் நோய்: புள்ளி புள்ளியாக வெட்டுவது. எந்த எழுத்தை வெட்டினாலும், இடது ஓரத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் மட்டும் கோடு விட்டு விட்டு வெட்டியது. எங்கு பார்த்தாலும் விட்டு வெட்டினால் பிளேடையோ அழுத்தத்தையோ சந்தேகப்பட வேண்டும். எப்போதும் ஒரே இடத்தில் என்றால் அது கீழே இருப்பதன் கோளாறு. பிளேடு ஓடும் பாதைக்குக் கீழே டெஃப்லான் பட்டை ஒன்று ஒட்டியிருக்கும். பழைய உரிமையாளர் பிளேடை அளவுக்கு மேல் வெளியே நீட்டி, பின்தாளையும் அறுத்து, அந்தப் பட்டையில் வாய்க்கால் வெட்டி வைத்திருந்தார். பிளேடு அந்த வாய்க்காலுக்கு மேலே வரும்போது வினைல் கீழே அமுங்கி, வெட்டுப்படாமல் தப்பித்துக்கொள்கிறது. புதுப் பட்டை ஒட்டினோம்.

பிளேடு எவ்வளவு நீளவேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு: சாதாரண வினைல் சுமார் 0.08 மில்லிமீட்டர் தடிமன். அதை முழுதாக அறுக்க வேண்டும், பின்தாளில் கோடு மட்டும் விழவேண்டும், தாள் அறுபடக் கூடாது. ஹோல்டரைக் கையில் பிடித்து ஒரு துண்டில் கீறிப் பார்த்தாலே தெரிந்துவிடும். வெட்டவில்லை என்றால் பிளேடை நீட்டாதீர்கள். அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். அப்போதும் வெட்டவில்லை என்றால் பிளேடு தேய்ந்துவிட்டது என்று பொருள்.

ஐந்தாம் நோய்: நீள வேலையில் கோணல். ஒரு அடி வெட்டினால் நேராக வரும். லாரியின் பக்கவாட்டுக்கு மூன்று மீட்டர் வெட்டினால் கடைசி எழுத்து சரிந்து போகும். வினைலை மேலிருந்து அழுத்தும் ரப்பர் ரோலர்கள் இரண்டும் ஒரே பலத்தோடு அழுத்த வேண்டும். ஒவ்வொன்றின் கீழும் ஒரு பேப்பர்த் துண்டை வைத்து இழுத்துப் பார்த்தேன். ஒன்றில் இறுக்கமாக இருந்தது, மற்றதில் வழுக்கிக்கொண்டு வந்தது. ஸ்பிரிங்கை மாற்றினோம். கீழே உள்ள சொரசொரப்பான உருளையில் பசையும் தூசியும் அப்பியிருந்தன. பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தோம். அங்கே எண்ணெய் ஆகாது. இப்போதெல்லாம் பெரிய வேலை என்றால், வெட்டும் முன் முழு நீளத்தையும் ஒருமுறை வெளியே ஓடவிட்டுத் திரும்ப இழுத்துக்கொள்கிறோம். கோணல் இருந்தால் அப்போதே தெரிந்துவிடும், வினைல் வீணாகாது.

அளவும் சரியாக இல்லை. 1000 மில்லிமீட்டர் கேட்டால் 994 கொடுத்தது. 500 கேட்டேன், 497 வந்தது. நீளத்துக்கு ஏற்றபடி பிழையும் ஏறுவதால் இது தளர்ச்சி இல்லை, விகிதப் பிழை. தளர்ச்சி என்றால் 500-க்கும் 1000-க்கும் ஒரே அளவு குறையும். மெஷினிலேயே விகிதத்தைத் திருத்த வழி இருந்தது, திருத்தினோம்.

ஆறாம் நோய்: இருபது நிமிடக் காய்ச்சல்

இதுதான் எங்களைப் படுத்தியெடுத்தது. மேலே சொன்ன ஐந்தும் சரியான பிறகு ஒரு முதலாளியின் மூன்று லாரிகளுக்கு வேலை வந்தது. கதவு, பக்கவாட்டு, பின்பக்கம், எல்லாம் சேர்த்து 7,500 ரூபாய். எனக்கு ஐந்தாம் செமஸ்டர் கட்டணம் கட்டவேண்டிய வாரம் அது. லாரிகள் வெள்ளிக்கிழமை காலை எஃப்.சி.க்குப் போகவேண்டும். செவ்வாய்க்கிழமை வெட்ட ஆரம்பித்தோம். இருபது நிமிடம் தங்கம் போல வெட்டியது. அதன் பிறகு ஒரு எழுத்து திடீரென்று ஐந்து மில்லிமீட்டர் இடம் தாண்டி விழுந்தது. அணைத்துவிட்டு அரை மணி கழித்துப் போட்டால் மறுபடி இருபது நிமிடம் சரியாக ஓடும், மறுபடி தாண்டும். இரண்டு மீட்டர் வினைல் குப்பைக்குப் போனது. மாமாவுக்கு யார் சொன்னார்களோ, புதன்கிழமை போன் செய்தார்: "அந்தப் பீத்த மெசின வித்துப்போட்டுப் பையன அனுப்புங்க. வண்டி ஞாயித்துக்கெழம பொறப்படுது."

அப்பா போனை வைத்துவிட்டு மெஷின் பக்கத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்தார். "இன்னொரு தடவ ஓட்டு கண்ணு, நான் பாத்துட்டு இருக்கறேன்" என்றார். பதினெட்டாவது நிமிடம் கையைத் தூக்கினார். "சத்தம் எறங்குதுடா. இத்தன நேரம் கணீர்னு இருந்துச்சு. இப்ப மொணங்குது." எனக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எழுத்து தாண்டியது. பட்டறையில் கம்ப்ரஸர் சத்தத்தை வைத்தே காற்று எவ்வளவு இருக்கிறது என்று சொல்கிற காது அது.

மறுநாள் காலையில் துறை சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் வழக்கமான இரண்டு கேள்வியைக் கேட்டார். "அளந்தியா? மார்க் பண்ணியா?" மதியம் அனுமதி வாங்கிக்கொண்டு லேப் மல்டிமீட்டரோடு வீட்டுக்கு வந்தேன். லேப் அசிஸ்டன்ட் அண்ணனும் டி.வி.எஸ். வண்டியில் கூட வந்தார்.

சந்தேகம் மூன்று. பெல்ட் பல் தாண்டலாம். மோட்டார் தண்டில் புல்லி வழுக்கலாம். அல்லது மோட்டாரே அடி தவறலாம். பெல்ட்டுக்கும் புல்லிக்கும் சேர்த்து ஒரு சாக்பீஸ் கோடு, புல்லிக்கும் தண்டுக்கும் சேர்த்து ஒரு கோடு போட்டேன். எழுத்து தாண்டிய பிறகு தலையைத் தொடங்கிய இடத்துக்கே கையால் தள்ளிப் பார்த்தால் இரண்டு கோடுகளும் போட்டது போட்டபடி சேர்ந்தே இருந்தன. ஆக பெல்ட்டும் குற்றமற்றது, புல்லியும் குற்றமற்றது. மோட்டார்தான் அடி தவறுகிறது. சூடான பிறகு மட்டும் ஏன் தவற வேண்டும்? டிரைவர் சிப்பின் மேல் டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தோம். அப்போதும் தாண்டியது. கடைசியாகப் பவர் சப்ளை. மோட்டாருக்குப் போகும் வோல்டேஜை அளந்துகொண்டே ஓட்டினோம். தொடக்கத்தில் 24. பத்தாவது நிமிடம் 22. அப்பா "இதா மொணங்குது" என்றபோது மீட்டர் 19 காட்டியது!

பிளக்கைப் பிடுங்கி, கொஞ்ச நேரம் காத்திருந்து, பெரிய கெப்பாசிட்டரில் மின்சாரம் இறங்கிவிட்டதா என்று அளந்த பிறகுதான் திறந்தோம். 230 வோல்ட் ஏ.சி.யை டி.சி. ஆக்கினால் 325 வரும் என்று நாம் தேர்வில் எழுதியிருக்கிறோம். விரலில் அதை எழுதிப் பார்க்கவேண்டிய அவசியமில்லை. உள்ளே வெளியீட்டுப் பக்கம் இரண்டு கெப்பாசிட்டர்கள் தலை உப்பியிருந்தன. அண்ணன் அதைக் காட்டிவிட்டு, "இது நோய். இதுக்குக் காரணம் எங்க?" என்றார். பக்கத்திலேயே இருந்தது. பவர் சப்ளையின் சின்ன ஃபேன் வினைல் துணுக்கும் தூசியும் சுற்றி அசையாமல் நின்றிருந்தது. காற்றில்லாமல் வெந்து வெந்து கெப்பாசிட்டர் கெட்டிருக்கிறது. கெப்பாசிட்டரை மட்டும் மாற்றியிருந்தால் சில மாதத்தில் மறுபடி உப்பியிருக்கும். 105 டிகிரி தாங்கும் கெப்பாசிட்டர் இரண்டும் ஃபேன் ஒன்றும் சேர்ந்து 200 ரூபாய் கூட ஆகவில்லை.

வியாழக்கிழமை இரவு எட்டு மணிக்கு ஆரம்பித்தோம். இருபது நிமிடம் போனது, நாற்பது போனது. அப்பா சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா பாயில் உட்கார்ந்து வேஸ்ட் உரித்தார். இரண்டு மணிக்கு மூன்று லாரிக்கும் முடிந்தது. விடிவதற்குள் பட்டறைக்குப் போய் ஒட்டினோம். ஞாயிற்றுக்கிழமை மாமாவின் ரிக் வண்டி புறப்பட்டது. நான் திங்கட்கிழமை கட்டணம் கட்டினேன்.

தமிழுக்கு என்று ஒரு சோதனை

மெஷினில் வரும் டெஸ்ட் உருவம் சதுரமும் முக்கோணமும்தான். தமிழ் எழுத்துக்கு அது போதாது. அப்பா சொன்னார்: "'ண்' வெட்டிப் பாரு. அது வந்தா எல்லாம் வரும்." உண்மைதான். 'ண'வில் சுழி இருக்கிறது, நேர்கோடு இருக்கிறது, மூலை இருக்கிறது, மேலே புள்ளியும் இருக்கிறது. புள்ளிதான் தமிழ் ஸ்டிக்கரின் சோதனை. வேஸ்ட் உரிக்கும்போது முதலில் கையோடு வந்துவிடுவது அதுதான். வேகத்தைக் குறைத்தால் சின்ன வட்டத்தில் பிளேடு திரும்ப நேரம் கிடைக்கும். வேஸ்ட்டை மேல்நோக்கித் தூக்காமல், தாளோடு தாளாக மடக்கி மெதுவாக இழுத்தால் புள்ளி தங்கும். கம்ப்யூட்டர் எழுத்தில் உள்ள புள்ளியைவிடக் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னவரும் அப்பாதான். "ரோட்டுல போறவனுக்குத் தெரியோணுமில்ல?"

இன்னொன்று: சில தமிழ் எழுத்துருக்களில் எழுத்தும் கொம்பும் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும். திரையில் தெரியாது. வெட்டினால் இரண்டு கோட்டையும் வெட்டி எழுத்தைத் துண்டாக்கிவிடும். கோரல் டிராவில் 'வெல்ட்' கொடுத்து ஒன்றாக்கிய பிறகே அனுப்ப வேண்டும்.

பராமரிப்பு

தினமும்: பிளேடு முனையில் சிக்கிய துணுக்கை எடுப்பது, 'ண்' வெட்டிப் பார்ப்பது, வேலை முடிந்ததும் ரோலரைத் தூக்கி வைப்பது. அழுத்தியபடியே விட்டால் ரப்பர் தட்டையாகிவிடும்.

வாரம் ஒருமுறை: தலை ஓடும் தண்டவாளத்தைப் பஞ்சு ஒட்டாத துணியால் துடைப்பது, உருளையைப் பிரஷ்ஷால் தேய்ப்பது, பெல்ட்டைத் தட்டிப் பார்ப்பது.

மாதம் ஒருமுறை: ஃபேன் சுற்றுகிறதா என்று பார்ப்பது, எர்த்தையும் 24 வோல்ட்டையும் அளந்து நோட்டில் எழுதுவது, ஒரு மீட்டர் வெட்டி ஸ்கேல் வைப்பது. இந்த நோட்டை அப்பாவும் எழுதுகிறார். எண்களை அவரே எழுதிவிடுகிறார். மீட்டரில் தெரியும் ஆங்கில எழுத்துகளை மட்டும் வழக்கம்போலப் பார்த்து வரைகிறார். 'வி' என்றால் வோல்ட் என்று இப்போது தெரியும்.

ஒரு வேண்டுகோள்

2019 ஏப்ரலில் இருந்து புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் வந்துவிட்டது. அதனால் நம்பர் ஸ்டிக்கர் வேலை குறைந்தது. நாளைக்கு வேறொன்று வந்து லாரி ஸ்டிக்கரையும் குறைக்கலாம். எந்த மெஷினும் நிரந்தரமில்லை என்பதை எங்கள் வீட்டைவிட யார் அறிவார்? அம்மாவின் சங்கிலியை மீட்டுவிட்டோம். தோடு இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. வட்டி தவறாமல் கட்டி வருகிறோம்.

மாணவர் மன்றத்துக்கு என் வேண்டுகோள் இதுதான். நம் ஒவ்வொருவர் ஊரிலும் இப்படி ஒரு பழைய மெஷின் நின்றுபோய்க் கிடக்கும்: தறி, தையல் மெஷின், மோட்டார், மாவரைக்கும் மெஷின் என்று ஏதாவது ஒன்று. அதை நம்பி ஒரு குடும்பம் இருக்கும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியம் ஒரு லேபைத் திறந்து வைக்கக் கல்லூரியிடம் அனுமதி கேளுங்கள். மல்டிமீட்டரும் சால்டரிங் அயர்னும் இருந்தால் போதும். நம் பெற்றோர் தங்கள் பழைய மெஷின்களைத் தூக்கிக்கொண்டு இந்த வாசலுக்குள் வரட்டும். நாமும் அளந்து பார்த்து, மார்க் பண்ணிப் பார்த்துக் கற்றுக்கொள்வோம். முதல் சனிக்கிழமைக்கு நான் தயார். சத்தம் கேட்டுச் சொல்வதற்கு அப்பாவையும் அழைத்து வருகிறேன்.